ஒரே பெயர், இரண்டு நண்டு: பழவேற்காட்டுக் குறிப்புகள்

போன வருஷம் நான் ஒருவருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை தப்பு. அதனால் அவருக்குப் பணம் போயிற்று. எப்படித் தப்பானது என்று தேடிக்கொண்டு போனதில் செங்கடல், தரங்கம்பாடி, பிலிப்பைன்ஸ் என்று எங்கெங்கோ போய், கடைசியில் பழவேற்காடு ஏரிக்கரைக்கே திரும்பி வந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நண்பருக்கு ஏரியை ஒட்டிய ஊர். வலைத்தொழில் செய்யும் குடும்பம். முகத்துவாரம் மணல் மூடிக்கொள்ளும் மாதங்களில் ஏரியில் வரத்து குறைந்துவிடும். அதனால் ஒரு சின்னக் குட்டையைக் குத்தகைக்கு எடுத்து நண்டு வளர்க்கலாம் என்று நினைத்தார். நண்டுக் குஞ்சு கொண்டுவந்து தரும் வியாபாரி ஒருவர், "எல்லாம் செர்ராட்டா குஞ்சு" என்றாராம். எனக்கு போன் போட்டார்.

"நீதான் இதெல்லாம் படிப்பியே. செர்ராட்டான்றான், வாங்கலாமா?"

"வாங்குங்க."

அப்போதுதான் ஒரு கட்டுரையில் செர்ராட்டா பற்றிப் படித்திருந்தேன். சேற்று நண்டுகளில் பெரியது, வேகமாக வளர்வது, இரண்டு கிலோவைத் தாண்டக்கூடியது, வளை தோண்டும் பழக்கம் குறைவு. குட்டைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆயிரம் குஞ்சு இறக்கினார்.

ஆறு மாதம் கழித்து மிஞ்சியிருந்ததில் முன்னூறு கிராமைத் தாண்டியவை கொஞ்சம்தான். பாதிக்கு மேல் கரையைத் துளைத்து வெளியேறிவிட்டன. கரை முழுக்க ஓட்டை. குத்தகைக்காரர் அதற்குத் தனியாகச் சத்தம் போட்டார். வியாபாரி ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் சொன்னதும் செர்ராட்டாதான், நான் சொன்னதும் செர்ராட்டாதான். ஆனால் அவர் சொன்ன நண்டு வேறு, நான் சொன்ன நண்டு வேறு.

பழவேற்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரமும் முகத்துவாரமும் தமிழ்நாட்டில். டச்சுக்காரர் கல்லறை பார்க்க வருகிறவர்கள் உண்டு, பூநாரை பார்க்க வருகிறவர்கள் உண்டு. வெளிநாட்டு வியாபாரிக்கு இந்த ஊர் என்றால் உயிர் நண்டு. கையைக் கயிற்றால் கட்டி, ஈரம் காயாமல் வைத்தால் சேற்று நண்டு நாள்கணக்கில் தாங்கும். சென்னை போய், அங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், அப்போதும் உயிரோடுதான் இருக்கும்.

நண்டு எடுக்கும் இடத்தில் ஒரு காலை உட்கார்ந்திருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் இரண்டு கூடை. வருகிற நண்டை அந்த அண்ணன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, இடது கூடை, வலது கூடை என்று போட்டுக்கொண்டே இருந்தார்.

"எதைப் பாத்துண்ணே பிரிக்கிறீங்க?"

"எதப் பாக்கறது? பாத்தாலே தெரியுதுல்ல. இது பச்சை, அது செவப்பு."

சிவப்புக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அது நல்ல பச்சையாகத்தான் தெரிந்தது. சொன்னேன். சிரித்துவிட்டு, "முதுகைப் பாக்காத சார், கையப் பாரு" என்று இடுக்கியின் பின்கணுவைத் தொட்டுக் காட்டினார். அவர் விரல் வைத்த இடம் எது என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பல வாரம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சேற்று நண்டுக்கு அறிவியல் வைத்திருக்கும் பேரினப் பெயர் சில்லா. கிரேக்கக் கதையில் கடல் ஜலசந்தியின் ஒரு பக்கம் உட்கார்ந்து மாலுமிகளைப் பிடித்துத் தின்னும் அரக்கி. எதிர்ப்பக்கத்து அரக்கியின் பெயர் சாரிப்டிஸ். 1833இல் டி ஹான் என்ற டச்சுக்காரர் இரண்டு பெயரையும் நண்டுகளுக்கு வைத்துவிட்டார். நம் ஊர்ச் சந்தையில் முதுகில் சிலுவை போட்டுக்கொண்டு வரும் சிலுவை நண்டு ஒரு சாரிப்டிஸ். ஆக, இரண்டு அரக்கிகளும் பழவேற்காட்டில் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருக்கிறார்கள். இதற்கும் நம் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.

செர்ராட்டா என்ற பெயர் அதைவிடப் பழசு. டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினார். அதில் போனவர் பேர் போர்ஸ்கால், லின்னேயஸின் மாணவர். செங்கடல் கரையில் பார்த்த ஜந்துக்களையெல்லாம் எழுதி வைத்தார். 1763இல் ஏமனில் காய்ச்சலில் இறந்துபோனார். குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் நீபுர் ஒருவர்தான். அவர் 1775இல் நண்பரின் குறிப்புகளைப் புத்தகமாகப் போட்டார். அதில் ஒரு நண்டு இருந்தது: கான்சர் செர்ராட்டஸ். ரம்பப்பல் நண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டின் முன்விளிம்பில் கண்ணுக்கு இரு பக்கமும் ஒன்பது ஒன்பது பல். சிக்கல் என்னவென்றால், எல்லாச் சேற்று நண்டுக்கும் ஒன்பது பல்தான். குறிப்பு இருந்தது. எந்த நண்டைப் பார்த்து எழுதினாரோ அந்த நண்டு கையில் இல்லை.

பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். 1796இல் ஹெர்ப்ஸ்ட் ஒன்றுக்கு ஒலிவேசியா என்று வைத்தார். 1798இல் பாப்ரிசியஸ் இன்னொன்றுக்கு டிராங்குபாரிகா என்று வைத்தார். டிராங்குபார் என்றால் நம் தரங்கம்பாடி. அன்றைக்கு அது டேனியர் ஊர், அங்கே பிடிபடும் பூச்சி, நண்டு எல்லாம் கப்பலேறி கோபன்ஹேகன் போய்க்கொண்டிருந்த காலம். பாப்ரிசியஸும் லின்னேயஸ் மாணவர்தான். ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பேர், இரண்டு கடலின் நண்டு, இருநூறு வருஷச் சண்டை.

1949இல் பிலிப்பைன்ஸில் எஸ்டம்படோர் என்பவர் உட்கார்ந்து பிரித்தார். அவர் கணக்கில் மூன்று இனமும் ஒரு வகையும் இருந்தன. அங்கே வளை தோண்டும் சின்ன நண்டுக்கு செர்ராட்டா என்ற பழைய பெயரைக் கொடுத்தார். பெரியதற்கு ஓஷியானிகா என்று வேறு பெயர். 1960இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன்சன், கேம்ப்பெல் என்ற இருவர், இதெல்லாம் வேண்டாம், எல்லாம் ஒரே இனம், செர்ராட்டா, முடிந்தது என்றார்கள். பல பேருக்கு அது வசதியாக இருந்தது.

ஒரே இனம் என்றால் ஏரிக்கரையில் எதற்கு இரண்டு கூடை? இந்தக் கேள்வி பழவேற்காட்டிலேயே எழுந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவ ராஜ் இந்த ஏரியைப் பல காலம் பின்தொடர்ந்தவர். அவரும் ஜோயல் என்ற ஆய்வாளரும் சேர்ந்து, பழவேற்காடு ஏரியில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு சில்லா என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். வலைக்காரர் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஏட்டில் ஏறியது. இரண்டு என்று சொன்னது முழுக்கச் சரி. பெயர் வைத்ததில்தான் பிலிப்பைன்ஸ் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. சின்னது செர்ராட்டா. பெரியது டிராங்குபாரிகா. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அன்றைக்கு உலகத்தில் கிடைத்த நூல்களை வைத்துப் பார்த்தால் யாரும் அங்கேதான் போய் நின்றிருப்பார்கள். சென்னையில் இருந்த வங்காள விரிகுடாத் திட்ட அலுவலகம் 1992இல் வெளியிட்ட சேற்று நண்டுத் தொகுப்பிலும், உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வாளர்களான கதிர்வேல், சீனிவாசகம் இருவரும் இந்தியாவின் இரண்டு இனங்களுக்கு இதே பெயர்களைத்தான் பயன்படுத்தினார்கள். அதற்குப் பிறகு பயிற்சி வகுப்பு, துண்டுப்பிரசுரம், வியாபாரிகள் வாய் என்று அந்தப் பெயர்கள் கரையெல்லாம் பரவின.

1998இல் கீனன், டேவி, மான் என்ற மூன்று பேர் வேறு வழியில் போனார்கள். பல நாட்டு நண்டுகளைச் சேர்த்து, புரதங்களையும் மரபணுவையும் ஒப்பிட்டு, உலகத்தில் சில்லா நான்கு இனம் என்று கண்டார்கள். இனத்தைப் பிரித்தாயிற்று, எதற்கு எந்தப் பெயர்? அங்கேதான் செங்கடல் வருகிறது. போர்ஸ்காலின் நண்டு காணாமல் போயிருக்கலாம், செங்கடல் அங்கேயேதான் இருக்கிறது. அங்கே இருப்பது ஒரே ஒரு சில்லா இனம், அதுவும் பெரியது. அப்படியானால் போர்ஸ்கால் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்க முடியும். செங்கடலிலிருந்து ஒரு நண்டை எடுத்து, இனிமேல் செர்ராட்டா என்ற பெயருக்கு இதுதான் அடையாளம் என்று அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். வளை தோண்டும் சின்னதுக்கு ஹெர்ப்ஸ்ட் வைத்த ஒலிவேசியா திரும்பி வந்தது.

அதாவது ஒரே நாளில் செர்ராட்டா என்ற பெயர் சின்ன நண்டிடமிருந்து பெரிய நண்டிடம் போய்விட்டது. நண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1998க்கு முன்னால் இந்தியாவில் எழுதப்பட்ட கட்டுரைகளில் செர்ராட்டா என்று இருந்தால் அதில் பெரும்பாலும் இருப்பது இன்றைய ஒலிவேசியா. டிராங்குபாரிகா என்று இருந்தால் இன்றைய செர்ராட்டா. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் சீர்காழிப் பக்கம் இயங்கும் ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2014இல் மரபணுக் குறிகளை வைத்து இதையே உறுதிப்படுத்தினார்கள். கட்டுரையின் தலைப்பே இந்தியக் கடலோரத்தில் இரண்டே இரண்டு சில்லா இனம்தான் என்கிறது: செர்ராட்டா, ஒலிவேசியா. தரங்கம்பாடிப் பெயரைத் தாங்கிய இனம் அவர்கள் வலையில் அகப்படவில்லை. சீர்காழியிலிருந்து தரங்கம்பாடி எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்க! பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகுமா? இதற்குப் பிறகும் டிராங்குபாரிகா என்று எழுதும் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆய்வேட்டிலேயே பழக்கம் விடவில்லை என்றால் சந்தையில் எப்படி விடும்?

நான் படித்தது 1998க்குப் பிந்தைய கட்டுரை. வியாபாரி எப்போதோ உட்கார்ந்த பயிற்சி வகுப்பு பழைய பெயர்க்காரர்களுடையதாக இருந்திருக்க வேண்டும். நடுவில் நண்பரின் குட்டை.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே நண்டு பிடிக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைக்கப் போகிறோம் என்று வையுங்கள். எந்த அளவில் நண்டு முதல்முறை சினைப்படும் என்பதைப் பார்த்துத்தான் அந்த வரம்பு வரும். ஒலிவேசியா சினைப்படும் அளவில் செர்ராட்டா இன்னும் வளரும் பிள்ளை. பழைய கட்டுரையில் செர்ராட்டா என்ற தலைப்பின் கீழ் இருக்கும் எண்ணை எடுத்து இன்றைய செர்ராட்டாவுக்குப் போட்டால், ஒரு தடவைகூட முட்டையிடாத பெரிய நண்டையெல்லாம் சட்டப்படியே பிடித்துவிடலாம்.

சரி, கையில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறத்தை நம்பக் கூடாது. சேற்றின் நிறம், தண்ணீர், ஓடு கழற்றி எத்தனை நாள் என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். அந்த அண்ணன் விரல் வைத்த இடத்துக்கு வருவோம். இடுக்கியின் உள்ளங்கைப் பகுதிக்குப் பின்னால் ஒரு கணு இருக்கிறது, நம் மணிக்கட்டு மாதிரி. அதன் வெளிப்பக்கத்தில் கூர்மையாக இரண்டு முள் இருந்தால் செர்ராட்டா. ஒலிவேசியாவில் ஒன்று இருக்கவே இருக்காது, மற்றது மழுங்கி மொட்டையாக ஒரு புடைப்பு போல நிற்கும். அடுத்து இரண்டு கண்ணுக்கு நடுவே நெற்றியைப் பாருங்க. அங்கே நான்கு பல். செர்ராட்டாவுக்கு உயரமாக எழும்பி நிற்கும், ஒலிவேசியாவுக்குத் தாழ்ந்து உருண்டை அலை மாதிரி இருக்கும். மூன்றாவதாக, செர்ராட்டாவின் கை கால் எல்லாவற்றிலும் வலைபோட்டது போல ஒரு கோலம் ஓடும். ஒலிவேசியாவில் அது கிடையாது. ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முள் தேய்ந்த கிழட்டு நண்டு ஒன்று என்னை அரை மணி நேரம் குழப்பியது, நெற்றியைப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தேன்.

பச்சை, சிவப்பு என்பது அண்ணனுக்கு நிறத்தின் பெயரே இல்லை, இனத்தின் பெயர். இது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாளாயிற்று. கையாலேயே நண்டு பிடிக்கும் இருளர் அக்கா ஒருவரிடம் கேட்டபோது அவர் முள்ளையும் சொல்லவில்லை, நிறத்தையும் சொல்லவில்லை. முனை வளைந்த கம்பியைக் காட்டி, "வளையில இருக்கறது செவப்பு. பச்சை தண்ணியில திரியும், அதுக்கு வலை போடணும்" என்றார். கீனன் குழுவினர் பல நாடு சுற்றிச் சேர்த்த விஷயத்தில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. நண்பர் அன்றைக்கு என்னைக் கேட்காமல், குஞ்சு எங்கே பிடித்தது என்று வியாபாரியைக் கேட்டிருக்கலாம்.

சிலந்தி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. டரான்டுலா வியாபாரத்தில் நம் பக்கத்து மரச் சிலந்திகளுக்கு நல்ல கிராக்கி. அவற்றில் நீல நிறத்தில் மின்னும் ஒன்றுக்கு கூத்தி என்று ஊர்ப் பெயர். 1899இல் போகாக் அதை விவரித்தது கூத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த மாதிரியை வைத்து. அது உண்மையில் வாழும் காடு, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே, 2001இல்தான் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தோடு ரயிலேறி வந்த சிலந்திக்கு, இறங்கிய ஸ்டேஷன் பெயர் ஒட்டிக்கொண்டது. 2004இல் ராமேஸ்வரத்தில் ஒரு அனுமார் கோயில் பெயரால் இன்னொரு இனம் வந்தது. இந்தப் பேரினத்துக் குஞ்சுகளை இனம் பிரிப்பது கஷ்டம். பெரிதானால் காலின் அடிப்பக்கத்துப் பட்டைகளைப் பார்த்துச் சொல்லலாம். விற்பனையோ குஞ்சிலேயே முடிந்துவிடுகிறது. சுங்க அதிகாரி ஒவ்வொரு டப்பியையும் திறந்து காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? 2019இல் இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்து, பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பேரினத்தையே மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள். இனம் எதுவானாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

நண்டிலும் சிக்கும் இடம் அதேதான். எந்த வயதில் இனம் தெரிய வேண்டுமோ அந்த வயதில் தெரியாது. பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சு என்றால் தாய் எது என்று தெரியும், பிரச்சினை இல்லை. ஏரியில் அள்ளிய குஞ்சு நாணயம் அளவுதான் இருக்கும். அந்த அளவில் மணிக்கட்டு முள்ளையோ கோலத்தையோ நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

போன மாதம் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். கோபம் ஒன்றும் காட்டவில்லை. "நீயும் செர்ராட்டா, அவனும் செர்ராட்டா" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். மறுபடி குஞ்சு வாங்கியிருக்கிறார், அதே வியாபாரியிடம்தான். வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டினார். வந்த குஞ்சில் இருபதை எடுத்துத் தனியாக விட்டிருக்கிறார், ஒன்றையொன்று தின்றுவிடாமல் இருக்க உள்ளே உடைந்த ஓடும் குழாய்த் துண்டும் கிடந்தன. கைமுள் தெரியும் அளவுக்கு அவை வளரட்டும், இரண்டு முள் இருந்தால் மீதிப் பணம், இல்லையென்றால் இல்லை என்று வியாபாரியோடு பேசி வைத்திருக்கிறாராம். வியாபாரியும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றைப் பிடித்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது இன்னான்னு சொல்லு பாக்கலாம்."

கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் வைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். வாங்கித் தொட்டியில் விட்டுவிட்டு டீ சொல்லப் போனார்.